தூக்கி எறிந்த நீல மண்

வீட்டில் வெள்ளிக் கொலுசு இருக்கிறதா? பெட்டியைத் திறந்து எடுத்துப் பாருங்கள். பல நாளாக உள்ளேயே கிடந்த கொலுசு என்றால் கறுத்துப் போயிருக்கும். விபூதி வைத்துத் தேய்த்தால் மறுபடி பளபளக்கும்.

அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு அல்ல. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் உண்டாகும் பொருள் அது. காற்றில் கந்தகம் கலந்த வாயு மிகக் கொஞ்சமாக இருக்கிறது. வேகவைத்த முட்டையிலிருந்தும் அந்த வாயு வருகிறது. வெள்ளி அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் மேலே கறுப்பாக ஒரு மெல்லிய படலம் விழுகிறது. தேய்க்கும்போது அந்தப் படலம் போய்விடுகிறது. கூடவே துளி வெள்ளியும் போகிறது. அதனால்தான் அடிக்கடி தேய்க்க வேண்டாம் என்று தட்டார் சொல்வார்.

பூமிக்கு அடியிலும் வெள்ளி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பளபளப்பாக இருப்பதில்லை. கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பாக இருக்கிறது. சில இடங்களில் நீலம் கலந்த கறுப்பாக இருக்கிறது. பார்த்தவுடன் அதை வெள்ளி என்று சொல்லிவிட முடியாது.

1859-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு மலைச் சரிவில் சில பேர் தங்கம் தேடினார்கள். அவர்கள் இப்படிப்பட்ட நீல மண்ணைத்தான் வாரி வாரி வெளியே கொட்டினார்கள். தொல்லை பிடித்த சேறு என்று திட்டினார்கள். அந்தச் சேறுதான் அமெரிக்காவின் முதல் பெரிய வெள்ளிச் சுரங்கமாக ஆனது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

வெந்நீர் செய்த வேலை

முதலில் வெள்ளி எப்படி ஓர் இடத்தில் சேருகிறது என்று தெரிந்துகொள்வோம்.

வெந்நீர் அண்டாவின் உட்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். பல நாள் தண்ணீர் காய்ச்சினால் உள்ளே வெள்ளையாக ஒரு படிவு பிடிக்கும். சுரண்டினால் ஓடு மாதிரி பெயர்ந்து வரும். தண்ணீரில் கரைந்திருந்த பொருள்தான் அப்படி ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் இருந்தது, கண்ணுக்குத் தெரியும்படி பாத்திரத்தில் படிகிறது.

பூமிக்குள்ளும் இதைப் போல ஒன்று நடக்கிறது. எரிமலை இருக்கும் இடங்களில் பூமியின் உள்ளே சூடு அதிகம். மழைத் தண்ணீர் பாறை இடுக்கு வழியாக மிக ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே கொதிக்கக் கொதிக்கச் சூடாகிறது. சூடான அந்தத் தண்ணீர் பாறையில் இருக்கும் பல பொருள்களைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. வெள்ளி, தங்கம், கந்தகம் எல்லாம் அதில் துளித் துளியாகக் கலந்திருக்கும். பிறகு பாறை வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி வருகிறது. மேலே வர வர ஆறுகிறது. அதில் கரைந்திருந்த பொருள்கள் வெடிப்பின் சுவரில் படிகின்றன.

ஒரு நாளில் நடக்கிற காரியம் அல்ல இது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். கடைசியில் வெடிப்பு முழுவதும் அடைபட்டுப் போகும். வெள்ளை நிறப் பளிங்குக்கல்லும், அதன் நடுவே கறுப்பு நிற வெள்ளித் தாதுவும் அங்கே நிற்கும். தாது என்பது உலோகம் கலந்த கல் அல்லது மண். பாறைக்குள் நரம்பு ஓடுவது போல இது நீளமாக ஓடும். எங்கே பருத்திருக்கும், எங்கே இளைத்திருக்கும், எங்கே திடீரென்று அறுந்துபோகும் என்று மேலே நின்று சொல்ல முடியாது. சுரங்கத் தொழிலில் பணம் பண்ணியவர்களும் பணத்தை இழந்தவர்களும் இந்த நரம்பை நம்பித்தான் இறங்கினார்கள்.

அமெரிக்காவில் நெவாடா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே டேவிட்சன் மலை இருக்கிறது. அதன் கிழக்குச் சரிவில் இப்படிப்பட்ட வெடிப்பு ஒன்று ஓடுகிறது. வெள்ளி நிறைந்த பகுதி சுமார் 4 கிலோமீட்டர் நீளம். வெந்நீர் அங்கே வெள்ளியைக் கொண்டுவந்து சேர்த்து ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

தங்கம் தேடி வந்தவர்கள்

1848-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. செய்தி பரவியது. பல நாடுகளிலிருந்து மக்கள் அங்கே ஓடினார்கள். நெவாடா பாலைவனம் அவர்கள் போகும் வழியில் இருந்தது. வழியில் ஓர் ஓடையில் சிலர் மண்ணை அலசிப் பார்த்தார்கள். கொஞ்சம் தங்கத் தூள் கிடைத்தது. அதனால் சில பேர் அங்கேயே தங்கினார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

தங்கியவர்களின் வேலை எளிமையானது. மரத்தால் செய்த தொட்டில் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஆட்டுவார்கள். லேசான மண் தண்ணீரோடு போய்விடும். கனமான தங்கத் தூள் அடியில் தங்கும். நாம் அரிசியில் கல் அரிப்பது போலத்தான். ஒரு நாள் உழைத்தால் சாப்பாட்டுக்குப் போதும். சில நாள் அதற்கும் போதாது.

அந்த ஓடையில் கிடைத்த தங்கம் வெளிறிப் போயிருந்தது. வாங்குபவர்கள் விலையைக் குறைத்தார்கள். அதில் வெள்ளி கலந்திருந்ததுதான் காரணம். பக்கத்தில் எங்கோ வெள்ளி இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் அதைப் பற்றி யோசித்தவர்கள் மிகச் சிலர்தான்.

யோசித்தவர்களில் க்ராஷ் சகோதரர்கள் என்ற இருவர் முக்கியமானவர்கள். அண்ணன் தம்பி இருவரும் படித்தவர்கள். 1857-ஆம் ஆண்டுக்குள் வெள்ளித் தாதுவை அவர்கள் கண்டறிந்துவிட்டார்கள். தகப்பனாருக்கு அதைப் பற்றிக் கடிதமும் எழுதினார்கள். ஆனால் அந்த ஆண்டே தம்பியின் காலில் கடப்பாறைக் கோடாலி பட்டு வெட்டியது. புண் சீழ் பிடித்தது. அவர் இறந்துபோனார். சில மாதங்களில் அண்ணன் பனிமலையைக் கடக்கும்போது உறைபனியில் மாட்டிக்கொண்டார். கால்கள் உறைந்துபோயின. அவரும் இறந்தார். அவர்கள் கண்டுபிடித்த செய்தி அவர்களோடு போய்விட்டது.

1859-ஆம் ஆண்டு ஜூன் மாதம். மெக்லாலின், ஓரைலி என்று இரண்டு தொழிலாளிகள் மலைச் சரிவில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இருவரும் அயர்லாந்து நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டிலுக்குத் தண்ணீர் போதவில்லை. ஊற்றுத் தண்ணீரைத் தேக்க ஒரு குழி தோண்டினார்கள். குழியில் வந்த மண்ணைச் சும்மா அலசிப் பார்த்தார்கள். தொட்டிலின் அடியில் தங்கம் மின்னியது. அதுவரை அவர்கள் பார்த்திராத அளவு தங்கம்.

அன்று மாலையே அங்கே ஒருவர் குதிரையில் வந்தார். அவர் பெயர் ஹென்றி காம்ஸ்டாக். வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர். இந்த நிலமும் ஊற்றும் தனக்குச் சொந்தம் என்று சொன்னார். தன்னையும் தன் கூட்டாளியையும் பங்குக்குச் சேர்க்க வேண்டும் என்றார். எழுத்து மூலம் அவர் எதையும் காட்டவில்லை. சண்டை வேண்டாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். தோண்டியது அவர்கள். ஆனால் அந்த வெள்ளி நரம்புக்கு இன்று வரை 'காம்ஸ்டாக்' என்றுதான் பெயர்.

தங்கம் கிடைத்தது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. நீலம் கலந்த கறுப்புச் சேறு தொட்டிலில் அடைத்துக்கொண்டது. மிகவும் கனமாக இருந்தது. தண்ணீரில் எளிதாகப் போகவில்லை. தங்கத்தை எடுக்க விடவில்லை. அதைத் தனியாக அள்ளி அள்ளி ஓரமாகக் கொட்டினார்கள்.

இவ்வளவு கனமாக இருக்கிறதே, என்ன மண் இது என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. கொஞ்சம் கட்டி எடுத்து மலைக்கு அந்தப் பக்கம் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். அங்கே தாதுவைச் சோதித்துச் சொல்பவர்கள் இருந்தார்கள்.

கல்லைச் சோதிப்பது எப்படி?

சோதிப்பவர் என்ன செய்தார்? இந்த முறை மிகப் பழையது. இன்றும் இருக்கிறது. நம் ஊர்த் தட்டார்கள் புடம் போடுவதும் இதே வகைதான்.

கல்லைத் தூளாக்குவார்கள். அதோடு ஈயம் தரும் பொருளைக் கலந்து நெருப்பில் உருக்குவார்கள். தூளில் இருக்கும் வெள்ளியும் தங்கமும் ஈயத்தோடு சேர்ந்துகொள்ளும். கல்லும் மண்ணும் கசடாகப் பிரிந்துவிடும். பிறகு அந்த ஈய உருண்டையை எலும்புச் சாம்பலில் செய்த ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து மறுபடி சூடாக்குவார்கள். ஈயத்தைச் சாம்பல் உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் கடுகு அளவில் ஒரு மணி மிஞ்சும். அதில் வெள்ளியும் தங்கமும் மட்டும் இருக்கும். நிறுத்துப் பார்ப்பார்கள். பிறகு அந்த மணியை நைட்ரிக் அமிலத்தில் போடுவார்கள். வெள்ளி கரைந்துவிடும். தங்கம் கரையாது. மறுபடி நிறுத்தால் எது எவ்வளவு என்று கணக்குத் தெரிந்துவிடும்.

நீல மண்ணைச் சோதித்தபோது அதில் தங்கம் இருந்தது. வெள்ளியும் இருந்தது. தங்கத்தின் மதிப்பைவிட வெள்ளியின் மதிப்பு அதிகமாக இருந்தது. தூக்கி எறிந்த சேறுதான் உண்மையான புதையல்!

செய்தி ரகசியமாக இருக்கவில்லை. ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் குழியில் நின்றவர்களுக்கு அதன் முழு அர்த்தம் புரிவதற்குள், அந்தப் பக்கமிருந்து பணக்காரர்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். ஜார்ஜ் ஹெர்ஸ்ட் என்பவர் வந்தார். அவருக்குச் சுரங்கத் தொழில் தெரியும். கடன் வாங்கிக்கொண்டு வந்து மெக்லாலினின் பங்கை வாங்கினார். விலை 3,500 டாலர். காம்ஸ்டாக்கின் பங்கை இன்னொருவர் 11,000 டாலருக்கு வாங்கினார். காம்ஸ்டாக் தான் புத்திசாலித்தனமாக விற்றுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஓரைலி கொஞ்சம் பொறுத்து விற்றதால் சுமார் 40,000 டாலர் பெற்றார்.

அந்த நாள் கூலிக்காரருக்கு இவை பெரிய தொகைகள். அதனால் அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆழத்தில் இருக்கும் வெள்ளியை எடுக்க இயந்திரம் வேண்டும், முதல் வேண்டும். அவர்களிடம் அது எதுவும் இல்லை. ஆனால் அந்த நரம்பு அடுத்த 20 ஆண்டுகளில் சுமார் 30 கோடி டாலர் மதிப்புள்ள வெள்ளியையும் தங்கத்தையும் தந்தது.

காம்ஸ்டாக் கடை வைத்தார், நொடித்தார். வேறு இடங்களில் தங்கம் தேடி அலைந்தார். 1870-ஆம் ஆண்டு தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஓரைலி மனநோய் விடுதியில் இறந்தார். மெக்லாலின் பிறகு சமையல்காரராக வேலை பார்த்தார். ஹெர்ஸ்ட் கோடீஸ்வரர் ஆனார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேல்சபையில் உறுப்பினரும் ஆனார்.

முளைக்குச்சியும் பதிவுப் புத்தகமும்

ஒரு கேள்வி வரும். இவர்கள் தோண்டிய இடம் யாருடையது? பட்டா யார் பெயரில் இருந்தது?

பட்டாவே இல்லை. அமெரிக்க அரசு அந்த நிலத்தைத் தனது என்று சொன்னது. ஆனால் அங்கே அதிகாரி இல்லை, நில அளவை இல்லை. தங்கம் தேடி வந்தவர்கள் தாங்களே கூடி விதி செய்துகொண்டார்கள். தாதுவைக் கண்டவர் அந்த இடத்தில் முளைக்குச்சி அடிப்பார். தன் பெயரையும் எத்தனை அடி என்பதையும் ஒரு தாளில் எழுதி அங்கே வைப்பார். பிறகு பதிவுப் புத்தகத்தில் பதிவு செய்வார். இதற்குக் 'கிளெய்ம்' என்று பெயர். இது என்னுடையது என்று உரிமை கோருவதுதான் கிளெய்ம். முதலில் குச்சி அடித்தவருக்கு முதல் உரிமை. குச்சி அடித்துவிட்டு வேலை செய்யாமல் போய்விட்டால் உரிமை போய்விடும். வேறு ஒருவர் வந்து அடிக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதிவுப் புத்தகம் எங்கே இருந்தது தெரியுமா? சாராயக் கடையில்! பதிவு செய்ய நியமித்தவர் ஒரு கொல்லர். அவர் தன் வேலையில் இருப்பார். புத்தகம் சாராயக் கடை மேடைக்குப் பின்னால் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். எடுத்தவர்களில் சிலர் பார்ப்பதோடு நிற்கவில்லை. எண்ணை அழித்து எழுதினார்கள். எல்லையை மாற்றினார்கள். பக்கத்தைக் கிழித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் தன் பெயர் புத்தகத்தில் இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதே இடத்துக்கு ஆசைப்படுகிறவராகவும் இருக்கலாம்.

எல்லைகளும் தெளிவாக இல்லை. அந்த மரத்திலிருந்து இந்தப் பாறை வரை என்று எழுதியிருப்பார்கள். அடுத்த ஆண்டு மரத்தை வெட்டிவிடுவார்கள். பாறையை உடைத்துவிடுவார்கள். வரப்புத் தகராறு நமக்குத் தெரியும். ஒரு முழ மண்ணுக்கே எத்தனை வழக்கு நடக்கிறது! அங்கே ஒரு முழ மண்ணுக்குள் வெள்ளி இருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வெள்ளி நரம்பு நேராகக் கீழே இறங்காது. சாய்வாக இறங்கும். உங்கள் இடத்தில் தலை காட்டும் நரம்பு, ஆழத்தில் பக்கத்து இடத்துக்கு அடியில் போய்விடும். அப்போது அது யாருடையது? தலை யார் இடத்தில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம் என்பது விதி. அதனால் ஒவ்வொருவரும் தலை தன் இடத்தில்தான் என்றார்கள். இங்கே இருப்பது ஒரே நரம்பு என்று ஒரு கட்சி. இல்லை, தனித்தனியாகப் பல நரம்புகள் என்று இன்னொரு கட்சி. பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. கடைசியில் ஒரே நரம்பு என்ற கட்சிதான் வென்றது. ஆனால் அதற்குள் சிறிய ஆட்கள் வழக்குக்குச் செலவு செய்ய முடியாமல் விற்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்த வழக்குகளில் பேர் வாங்கிய வழக்கறிஞர் வில்லியம் ஸ்டூவர்ட். அவர் பிறகு மேல்சபை உறுப்பினர் ஆனார். 1866-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டம் வருவதற்கு அவர்தான் முக்கியக் காரணம். அதைத் திருத்தி 1872-ஆம் ஆண்டு புதிய சட்டம் வந்தது. ஒரு கிளெய்ம் 1,500 அடி நீளம், 600 அடி அகலம் வரை இருக்கலாம் என்று அது சொன்னது. ஆண்டுதோறும் 100 டாலர் அளவுக்காவது வேலை செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. பிறகு பல மாற்றங்கள் வந்தாலும் அந்தச் சட்டம் அமெரிக்காவில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

ஆழத்தில் கொதித்த தண்ணீர்

வெள்ளி மேலே தீர்ந்ததும் கீழே இறங்கினார்கள். அங்கே தாது மிகவும் அகலமாக இருந்தது. மண்ணும் பொலபொலவென்று உதிர்ந்தது. சாதாரண முட்டு மரம் தாங்கவில்லை. 1860-ஆம் ஆண்டு டைடஸ்ஹைமர் என்ற பொறியாளர் ஒரு வழி சொன்னார். கனமான மரங்களைப் பெட்டி பெட்டியாகப் பூட்டி, ஒன்றன் மேல் ஒன்றாகத் தேன்கூடு போல அடுக்கலாம் என்றார். அது நன்றாக வேலை செய்தது. வேறு நாட்டுச் சுரங்கங்களும் அந்த முறையை எடுத்துக்கொண்டன. அவர் அதற்குத் தனி உரிமை எதுவும் வாங்கவில்லை. ஆனால் அந்த மரத்துக்காக டாஹோ ஏரியைச் சுற்றி இருந்த காடுகள் அழிந்தன.

மரம் இருந்தால் நெருப்புப் பயமும் இருக்கும். 1869-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு சுரங்கத்தில் தீப்பிடித்தது. புகை பக்கத்துச் சுரங்கங்களுக்கும் பரவியது. குறைந்தது 35 பேர் இறந்தார்கள்.

தீயைவிட அன்றாடத் தொல்லை சூடு. வெள்ளியைக் கொண்டுவந்து சேர்த்த அந்த வெந்நீர் அடியில் இன்னும் இருந்தது. பாறையைக் குத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். 3,000 அடி ஆழத்தில் அந்தத் தண்ணீரின் வெப்பம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. விழுந்தவர் உடல் வெந்துவிடும். தொழிலாளிகள் இடுப்பில் மட்டும் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். சில நிமிடம் வேலை, பிறகு பனிக்கட்டி வைத்த இடத்தில் ஓய்வு. கோலார் தங்க வயலில் வேலை செய்த குடும்பங்களுக்கு இது புரியும். வட ஆற்காடு, தர்மபுரிப் பக்கத்திலிருந்து போன ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே 10,000 அடி ஆழம் வரை இறங்கினார்கள். அந்தச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டது.

காம்ஸ்டாக்கில் பூமிக்கு அடியில் வேலை செய்தவருக்கு நாள் கூலி 4 டாலர். தொழிலாளிகள் சங்கம் வைத்து அதைக் காப்பாற்றினார்கள். அந்தக் காலத்துக்கு அது நல்ல கூலி.

அதே கூலிக்கு வேலை செய்து மேலே வந்தவர் ஜான் மெக்கே. இவரும் அயர்லாந்துக்காரர். இரவும் பகலும் சுரங்கத்தில் கிடந்து தாதுவின் போக்கைக் கற்றுக்கொண்டார். பிறகு மூன்று பேரோடு கூட்டுச் சேர்ந்து, பயன் இல்லை என்று மற்றவர்கள் ஒதுக்கிய ஒரு சுரங்கத்தை வாங்கினார். 1873-ஆம் ஆண்டு சுமார் 1,200 அடி ஆழத்தில் மிகப் பெரிய தாதுக் குவியல் கிடைத்தது. அந்த நரம்பில் கிடைத்தவற்றில் அதுதான் மிகப் பெரியது.

ஆனால் எல்லாரும் மெக்கே ஆகவில்லை. சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் சமையல்காரப் பெண்கள் முதல் முதலாளிகள் வரை சுரங்கப் பங்குகளை வாங்கினார்கள். நல்ல தாது தெரிந்தால் அதை முதலில் பார்ப்பவர் குழிக்குள் இருக்கும் தொழிலாளி. அவர் வெளியே சொன்னால் பங்கு விலை ஏறிவிடும். அதனால் சில முதலாளிகள் தொழிலாளிகளைச் சில நாள் மேலேயே வரவிடாமல் சுரங்கத்துக்குள் வைத்திருந்தார்கள். அதற்குள் தாங்கள் மலிவாகப் பங்குகளை வாங்கிக்கொண்டார்கள்.

தண்ணீரை வெளியேற்ற ஒரு பெரிய குகைப்பாதையும் தோண்டினார்கள். அடால்ஃப் சூட்ரோ என்பவரின் யோசனை அது. 1869-ஆம் ஆண்டு தொடங்கி 1878-ஆம் ஆண்டு அது சுரங்கத்தைத் தொட்டது. நீளம் சுமார் 6 கிலோமீட்டர். அது முடிந்தபோது நல்ல தாது பெரும்பாலும் தீர்ந்துபோயிருந்தது. சூட்ரோ தன் பங்கை நேரத்தில் விற்றுவிட்டு நகரத்துக்குப் போனார். சான்பிரான்சிஸ்கோ மேயராகவும் ஆனார்.

கேட்கப்படாதவர்கள்

முளைக்குச்சி அடித்தவர்கள் வருவதற்கு முன்பு அந்த மலையில் யாரும் இல்லையா? இருந்தார்கள். பையூட் என்ற பழங்குடி மக்களும் வாஷோ என்ற பழங்குடி மக்களும் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தார்கள். பின்யோன் என்ற மரத்தின் கொட்டைதான் அவர்களுக்குக் குளிர்கால உணவு. சுரங்கத்துக்கு விறகாக அந்த மரங்கள் போயின. ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல்வெளிகள் போயின. 1860-ஆம் ஆண்டு பிரமிட் ஏரிப் பக்கம் சண்டை மூண்டது. முதல் சண்டையில் பையூட் மக்கள் வென்றார்கள். அடுத்த மாதம் பெரிய படை வந்தது. அவர்கள் பின்வாங்க வேண்டியதாயிற்று. பதிவுப் புத்தகத்தில் அவர்கள் பெயரில் ஒரு கிளெய்ம் எழுத அன்று வழியே இல்லை.

தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்தினார்கள். கல்லை இரும்பு உலக்கையால் பொடியாக்குவார்கள். பெரிய இரும்புச் சட்டியில் போட்டு, தண்ணீர், உப்பு, மயில் துத்தம், பாதரசம் எல்லாம் கலந்து நீராவியால் சூடாக்கிக் கலக்குவார்கள். வெள்ளி பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைக் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகப் போய் வெள்ளி நிற்கும். இதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாதரசம் கழிவோடு கார்சன் ஆற்றுக்குப் போனது. இப்படிப் போனது பல ஆயிரம் டன். பாதரசம் விஷம். அது அழியாது. ஆற்று மண்ணில் கிடக்கிறது, மீனில் ஏறுகிறது. 1990-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அந்த ஆற்றுப் பகுதியை உடனே கவனிக்க வேண்டிய நச்சு இடங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே பிடிக்கும் மீனைச் சாப்பிட வேண்டாம் என்று இன்றும் எச்சரிக்கிறார்கள்.

சுரங்கத்தின் மேல் எழுந்த ஊர் வர்ஜீனியா சிட்டி. நல்ல காலத்தில் பக்கத்து ஊரையும் சேர்த்து 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது ஆயிரம் பேர்கூட இல்லை. பழைய ஊரைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள்.

நம் நாட்டு வெள்ளி

இந்தியாவில் குச்சி அடித்து உரிமை கோர முடியாது. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் குத்தகை அல்லது உரிமம் இல்லாமல் யாரும் சுரங்கம் தோண்டக் கூடாது. 2015-ஆம் ஆண்டு முதல் பெரிய கனிமங்களுக்குக் குத்தகையை ஏலம் விட்டுக் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் வெள்ளிக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. ஈயமும் துத்தநாகமும் எடுக்கும்போது கூடவே வெள்ளி வருகிறது. கிட்டத்தட்ட எல்லாம் ராஜஸ்தானில் இருந்துதான் வருகிறது. உதய்ப்பூருக்குத் தெற்கே மலைகளுக்கு நடுவில் ஜாவர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ஈயமும் வெள்ளியும் எடுத்திருக்கிறார்கள். பழைய சுரங்கத்துக்குள் கிடந்த மரத் துண்டுகளைச் சோதித்து இந்தக் காலத்தைச் சொன்னார்கள். பிற்காலத்தில் அங்கே களிமண் குடுவைகளில் வைத்துத் துத்தநாகம் வடித்தார்கள். கத்தரிக்காய் வடிவத்தில் இருக்கும் அந்தக் குடுவைகள் மலை மலையாகக் கிடக்கின்றன. அங்கே இருந்தவர்கள் அவற்றை அடுக்கி வீட்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

பழைய ஆட்கள் விட்டுப்போன அந்தக் குழிகளும் கசடு மேடுகளும்தான் இந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்களுக்கு வழி காட்டின. பாறையின் மேல் பகுதி துருப்பிடித்தது போலச் சிவந்திருந்தால் அதையும் கவனிப்பார்கள். கந்தகம் கலந்த தாது வெயிலிலும் மழையிலும் கிடந்து கெட்டுப்போனால் அப்படித்தான் சிவக்கும். அடியில் தாது இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம். 1977-ஆம் ஆண்டு பில்வாரா மாவட்டத்தில் ராம்புரா அகுச்சா என்ற இடத்தில் மிகப் பெரிய துத்தநாகத் தாது இருப்பதை மாநில அரசின் சுரங்கத் துறை கண்டறிந்தது. அங்கேயும் பழைய காலத்துக் குழிகள் இருந்தன. வெறும் அடையாளத்தை நம்பித் தோண்டுவதில்லை. நீளமான துளை போட்டு, அடியில் இருக்கும் பாறையைத் தடி போல வெளியே எடுப்பார்கள். அதைச் சோதித்துக் கணக்குப் போட்ட பிறகுதான் சுரங்கம்.

இந்தத் தாதுவில் வெள்ளி மிகக் குறைவு. ஒரு டன் கல்லை உடைத்தால் 50 கிராம், 100 கிராம் என்ற அளவில்தான் இருக்கும். ஒரு ஜோடிக் கொலுசுக்கு ஒரு டன் கல் என்று வைத்துக்கொள்ளலாம். 2023-24-ஆம் ஆண்டில் இப்படி 700 டன்னுக்கு மேல் வெள்ளி எடுத்தார்கள். நாட்டின் தேவை அதைப் போலப் பல மடங்கு. மீதி வெளிநாட்டிலிருந்து வருகிறது.

ஈயத்தை உருக்கிச் சுத்தம் செய்யும் ஆலையில் ஈயத்தை மின்சாரம் பாய்ச்சிப் பிரிப்பார்கள். சுத்தமான ஈயம் ஒரு பக்கம் போய் ஒட்டும். இன்னொரு பக்கம் கறுப்பாகக் கொஞ்சம் சேறு மிஞ்சும். வெள்ளி அதில்தான் இருக்கிறது. அந்தச் சேற்றைச் சொட்டு விடாமல் வழித்து எடுத்து, எடை போட்டு, கணக்கு எழுதி, வெள்ளி பிரிக்கும் ஆலைக்கு அனுப்புகிறார்கள்.